சம்பளக் கோப்பு போகும் பாதை

மாதக் கடைசியில் கைப்பேசி ஒருமுறை சிணுங்கும். சம்பளம் வங்கிக்கு வந்துவிட்டது என்று குறுஞ்செய்தி. அடுத்த நிமிடமே வீட்டுக் கடன், கார் தவணை, பிள்ளைகளின் டியூஷன் என்று மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடும். பணம் எந்த வழியாக வந்தது என்று யோசிக்க அந்த நேரத்தில் யாருக்கும் பொறுமை இருக்காது.

அந்தக் குறுஞ்செய்திக்கு ஓரிரு நாள் முன்னால் ஒரு கோப்பு பயணம் போயிருக்கும். உங்கள் அலுவலகத்தில் 300 பேர் வேலை செய்தால் அதில் 300 வரிகள். ஒவ்வொரு வரியும் ஓர் ஆள். பெயர், அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு எண், தொகை. இதே ஆட்கள் வேறு வடிவத்தில் இன்னும் மூன்று முறை பயணம் போவார்கள். ஊழியர் சேமநிதிக்கு ஒரு கோப்பு, சொக்சோவுக்கு ஒன்று, மாதாந்திர வரிப் பிடித்தத்துக்காக வருமான வரி வாரியத்துக்கு ஒன்று. மூன்றுக்கும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிதான் கெடு.

உங்கள் அடையாள அட்டையை எடுத்து அந்த 12 இலக்கங்களைக் கொஞ்சம் பாருங்கள். முதல் ஆறும் பிறந்த தேதி. அடுத்த இரண்டும் பிறந்த இடம். சிலாங்கூரில் பிறந்தவருக்குப் பெரும்பாலும் 10, கோலாலம்பூரில் பிறந்தவருக்கு 14. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். வங்கி அட்டை தொலைந்தால் ஓர் அழைப்பில் ரத்து செய்துவிட்டுப் புதிதாக வாங்கிக்கொள்ளலாம். கடவுச்சொல் கசிந்தால் மாற்றிவிடலாம். பிறந்த தேதியை எப்படி மாற்றுவது? அந்த எண் வெளியே போனால் போனதுதான்.

போயும் இருக்கிறது. 2017 அக்டோபரில் லோயாட் டாட் நெட் இணையத்தளம் வெளியிட்ட செய்தியைப் பலர் மறந்திருப்பீர்கள். மலேசியக் கைப்பேசி எண்கள் 4 கோடியே 62 லட்சம், உரிமையாளரின் பெயர், முகவரி, அடையாள அட்டை எண்ணோடு கசிந்திருந்தன. அப்போது நாட்டின் மக்கள்தொகையே ஏறக்குறைய 3 கோடியே 20 லட்சம்தான். இன்று போலீஸ் என்றும் நீதிமன்றம் என்றும் சொல்லிக்கொண்டு அழைப்பவன் உங்கள் முழுப் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் பிழையில்லாமல் வாசிக்கிறான். அந்த இரண்டையும் கேட்டதும்தான் நம் பெரியவர்கள் பலர் அவனை நம்பிவிடுகிறார்கள். “என் ஐ.சி. நம்பர் அவனுக்கு எப்படித் தெரியும்? நிஜ ஆபீசராத்தான் இருக்கணும்” என்பார்கள்.

அதனால்தான் சம்பளக் கோப்பு போகும் பாதையைப் பற்றி எழுத நினைத்தேன்.

பெரிய நிறுவனங்கள் இந்த வகைக் கோப்பை மின்னஞ்சலில் அனுப்புவதில்லை. இதற்கென்றே தனியாக ஒரு கணினி வைத்திருக்கும். கோப்புப் பரிமாற்ற சர்வர் என்று பெயர். ஒரு பக்கம் நிறுவனத்தின் உள்வலை, மறுபக்கம் இணையம், நடுவில் இது. வங்கி, காப்புறுதி நிறுவனம், சம்பளக் கணக்கு பார்க்கும் வெளி நிறுவனம், சரக்கு தருபவர் என்று ஆளாளுக்கு ஒரு கணக்கு. ஒருவர் கோப்பை ஏற்றி வைப்பார், இன்னொருவர் வந்து எடுத்துக்கொள்வார். பெரும்பாலும் இரண்டு பக்கமும் மனிதர்கள்கூட இல்லை. நள்ளிரவு 2 மணிக்கு ஒரு நிரல் வைக்கும், அதிகாலை 3 மணிக்கு வேறொரு நிரல் வந்து அள்ளிக்கொண்டு போகும்.

எங்கள் வானொலித் தொழிலிலும் இந்தப் பழக்கம் உண்டு. விளம்பர நிறுவனம் 30 வினாடி விளம்பரத்தை ஏற்றி வைக்கும், நாங்கள் இறக்கிக்கொள்வோம். தீபாவளி நெருங்கினால் ஒரே நாளில் எத்தனை புடவைக்கடைகள் அந்தக் கூடையில் வந்து விழும் என்று எனக்குத் தெரியும். விளம்பரம் ஊருக்கே கேட்க வேண்டியது. யாராவது திருடிப் போட்டுக் கேட்டால் கடைக்காரருக்குச் சந்தோஷம்தான். சம்பளக் கோப்பை அப்படி விட முடியாது.

இப்படிப்பட்ட சர்வரைப் பராமரிக்கும் இளைஞர் ஒருவரை எனக்குத் தெரியும். கிள்ளான்காரர். தினமும் கொமுட்டர் ரயிலில் கே.எல். சென்ட்ரல் வந்து இறங்கி, பக்கத்திலேயே ஓர் உயர்ந்த கட்டடத்தில் வேலை செய்கிறார். பெயரும் நிறுவனமும் வரக்கூடாது என்பது அவர் நிபந்தனை. எந்தப் பூட்டுக்கு யாரிடம் சாவி என்று ஊருக்குச் சொல்ல வேண்டாமே. பிரிக்ஃபீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலைப் பக்கம் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து பேசினோம். கணினியைப் பற்றிக் கேட்டால், தம்பி துறைமுகத்திலிருந்து ஆரம்பித்தார். அவருடைய அப்பா போர்ட் கிள்ளானில் கொள்கலன் லோரி ஓட்டியவர்.

“கொள்கலன் துறைமுகத்துல எத்தனை நாள் நிக்கலாம்னு ஒரு கணக்கு இருக்கு அக்கா. அதைத் தாண்டினா வாடகை ஏறும். அந்தப் பயத்துல யாரும் விட்டு வைக்க மாட்டாங்க. கோப்புக்கு வாடகை கிடையாது. அதனால அது அங்கேயே கிடக்கும்.”

சாம்பாரைத் தாண்டி ரசத்துக்கு வரும்போது எனக்கு விஷயம் புரிந்தது. பரிமாற்ற சர்வர் என்பது கிடங்கு அல்ல, போகிற வழி. வங்கி கோப்பை எடுத்துக்கொண்ட பிறகு அது அங்கே இருக்க ஒரு காரணமும் இல்லை. ஆனால் அழிக்க யாருக்கும் கை வராது. நாளைக்கு வங்கி “கிடைக்கவில்லை, மறுபடி அனுப்புங்கள்” என்று கேட்டால்? இருக்கட்டுமே. அடுத்த மாதம் இன்னொன்று வரும். மூன்று வருடத்தில் 36 சம்பளக் கோப்புகள். அதற்குள் வேலையை விட்டுப் போனவர்கள், ஓய்வு பெற்றவர்கள், இறந்தே போனவர்கள் எல்லாரும் அந்தக் கணினியில் வரி வரியாக இருப்பார்கள். இணையத்தைப் பார்த்து வாசல் வைத்த ஒரு கணினியில்.

வாசலை எவ்வளவு கெட்டியாகப் பூட்டலாம் என்பதற்கு 50 வருடத்துக்கும் மேலான சரித்திரம் இருக்கிறது. அதன் தொடக்கத்தில் ஓர் இந்தியர் நிற்கிறார் என்பது எனக்குப் புதுச் செய்தி. அலகாபாத்தில் பிறந்து, கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணியில் படித்துத் தேறிய அபய் பூஷண், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்தபோது 1971 ஏப்ரல் 16-ஆம் தேதியிட்டு ஓர் ஆவணம் எழுதினார். ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குக் கோப்பு எப்படிப் போக வேண்டும் என்ற விதிமுறை. அதுதான் எஃப்.டி.பி. இணையம் என்ற பெயர் புழக்கத்துக்கு வராத காலம். சில பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் மட்டுமே இணைந்திருந்த வலை. எல்லாரும் தெரிந்தவர்கள். கடவுச்சொல் திறந்த அஞ்சலட்டையில் எழுதினாற்போல் வெளிப்படையாகப் போய்க்கொண்டிருந்தது. அதில் யாரும் குற்றம் காணவில்லை, காண வேண்டிய தேவையும் அன்று இல்லை.

1995-இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அந்த அஞ்சலட்டையை யாரோ வாசிக்க ஆரம்பித்தார்கள். வலையில் ஒட்டுக்கேட்டுக் கடவுச்சொற்களைத் திருடினார்கள். அங்கே ஆய்வாளராக இருந்த தாட்டு யுலோனென் அந்த எரிச்சலில் எழுதிய நிரல்தான் எஸ்.எஸ்.எச். போகும் பேச்சு முழுவதையும் பூட்டி அனுப்பும். பழைய எஃப்.டி.பி.யின் கதவு எண் 21, டெல்நெட்டின் கதவு எண் 23. நடுவில் 22 காலியாக இருந்ததைப் பார்த்து அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இன்று நிறுவனங்கள் பயன்படுத்தும் எஸ்.எஃப்.டி.பி. அந்த 22-ஆம் எண் கதவு வழியாகத்தான் போகிறது. பழைய எஃப்.டி.பி.யை 2021-இல் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் கைகழுவிவிட்டன. அதற்காக அது செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். தொழிற்சாலை மூலையில் பத்து வருடமாக ஓடும் ஓர் இயந்திரத்துக்கு அது ஒன்றுதான் தெரியும் என்றால் அங்கே அது இன்னும் உயிரோடு இருக்கும்.

அதாவது, பாதையைப் பூட்டும் வித்தை நமக்குக் கிடைத்து 30 வருடமாகிவிட்டது. ஆனாலும் கடந்த சில வருடங்களில் நடந்த பெரிய தகவல் திருட்டுகளில் பல இந்தப் பரிமாற்ற சர்வர்களிலேயே நடந்தன. வழியில் போகும் கோப்பை யாரும் மறித்துப் பறிக்கவில்லை. வந்து கிடந்ததை அள்ளினார்கள்.

நமக்குப் பக்கத்து வீட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம். சிங்கப்பூரின் சிங்டெல் நிறுவனம் பெரிய கோப்புகளைப் பரிமாற அக்செல்லியன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் எஃப்.டி.ஏ. என்ற மென்பொருளை வைத்திருந்தது. ஏறக்குறைய 20 வயதான சரக்கு. தயாரித்தவர்களே அதற்கு ஓய்வு கொடுக்க நாள் குறித்திருந்தார்கள். 2020 டிசம்பரில், கிறிஸ்துமஸ் சமயத்தில், அதில் ஓர் ஓட்டை இருப்பது தெரிந்தது. சிங்டெல் சும்மா இருக்கவில்லை. டிசம்பர் 24-ஆம் தேதி ஒரு திருத்தம், 27-ஆம் தேதி இன்னொன்று என்று போட்டது. ஜனவரியில் வேறொரு புது ஓட்டை. சர்வரைக் கழற்றி வைப்பதற்குள் கோப்புகள் போய்விட்டன. 2021 பிப்ரவரியில் கணக்குச் சொன்னார்கள். சுமார் 129,000 வாடிக்கையாளர்களின் அடையாள எண்ணும் அதனோடு சேர்ந்த விவரங்களும், 23 நிறுவனங்களின் தகவல்களும், முன்னாள் ஊழியர்கள் 28 பேரின் வங்கிக் கணக்கு விவரங்களும்.

இந்த 28 பேர்தான் என் மனத்தில் நிற்கிறார்கள். 129,000 என்பது பெரிய எண், பெரிய எண்கள் சீக்கிரம் மரத்துவிடும். முன்னாள் ஊழியர் என்றால் கணக்கைத் தீர்த்து, நண்பர்களோடு கடைசிச் சாப்பாடு சாப்பிட்டு, வாயில் அட்டையை ஒப்படைத்துவிட்டுப் போனவர். அவருடைய வங்கிக் கணக்கு எண் மட்டும் வெளியே போகாமல் அங்கேயே தங்கியிருந்தது.

அடுத்தது இன்னும் பெரியது. மூவிட் என்பது புரோக்ரஸ் சாஃப்ட்வேர் நிறுவனத்தின் பரிமாற்ற மென்பொருள். ‘பாதுகாப்பாகக் கோப்பு அனுப்ப’ என்று சொல்லியே விற்கப்படுவது. 2023 மே 27-ஆம் தேதி சனிக்கிழமை. அமெரிக்காவில் திங்களும் சேர்ந்து நீண்ட விடுமுறை. க்ளாப் என்ற கும்பல் அன்று வேலையைத் தொடங்கியது. அவர்களுக்குக் கடவுச்சொல் தேவைப்படவில்லை. இணையப் பக்கத்தில் தகவல் நிரப்பும் இடத்தில், தகவலுக்குப் பதிலாகத் தரவுத்தளத்துக்கான கட்டளையை நுழைக்கும் பழைய தந்திரம்தான். பள்ளிப் படிவத்தில் “பெயர்” என்ற கட்டத்தில் “இந்தப் பையனை எல்லாப் பாடத்திலும் தேர்ச்சி பெறச் செய்யவும்” என்று ஒருவன் எழுத, அதைப் படித்த கிராணி அப்படியே செய்துவிட்டால் எப்படி இருக்கும்? அதுதான். க்ரோல் என்ற ஆய்வு நிறுவனம் பழைய பதிவுகளைத் தோண்டிப் பார்த்தபோது, 2021 ஜூலையிலேயே யாரோ இந்தக் கதவை மெல்லத் தட்டிப் பார்த்த தடயம் இருந்தது.

மே 31-ஆம் தேதி திருத்தம் வந்தது. அதற்குள் பலருக்குக் காலம் கடந்துவிட்டது. இங்கிலாந்தில் ஸெல்லிஸ் என்ற நிறுவனம் மற்ற நிறுவனங்களுக்காகச் சம்பளக் கணக்கு பார்க்கிறது. அது மூவிட்டைப் பயன்படுத்தியது. அந்த ஒரு வாசல் வழியாக பிரிட்டிஷ் ஏர்வேய்ஸ், பூட்ஸ் மருந்துக்கடை, பி.பி.சி. ஆகியவற்றின் ஊழியர் விவரங்கள் போயின. பி.பி.சி. ஊழியர்களின் பிறந்த தேதி, வீட்டு முகவரி, தேசியக் காப்புறுதி எண். ஒலிவாங்கி முன் உட்காரும் எனக்கு இது கொஞ்சம் நெருக்கமாகவே உறைத்தது. அந்த அறிவிப்பாளர்களில் எத்தனை பேர் மூவிட் என்ற பெயரை அதற்கு முன் கேட்டிருப்பார்கள்? அவர்களுடைய நிறுவனம்கூட அதை வாங்கவில்லை, நிறுவனம் அமர்த்திய நிறுவனம் வாங்கியது. எம்சிசாஃப்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் எடுத்த கணக்குப்படி, உலகம் முழுவதும் 2,700-க்கும் மேற்பட்ட அமைப்புகளும் 9 கோடிக்கும் அதிகமான மக்களும் பாதிக்கப்பட்டார்கள்.

க்ளாப் கும்பல் கணினிகளை முடக்கவில்லை. அள்ளியதை வெளியிடுவோம் என்று மிரட்டிப் பணம் கேட்டார்கள், அவ்வளவுதான். சர்வர் காலியாக இருந்த நிறுவனத்திடம் மிரட்ட என்ன இருந்திருக்கும்?

தம்பியிடம் இதைக் கேட்டேன். அவர் சிரித்தார். அவருடைய சர்வரில் ஒவ்வோர் இரவும் ஒரு சிறு நிரல் ஓடுகிறது. எடுக்கப்பட்டுவிட்ட கோப்புகளையும், ஏழு நாள் தாண்டிய எதையும் அது அழித்துவிடும். நிரல் எழுத அவருக்கு ஒரு மதியம் போதுமாக இருந்தது. எல்லாப் பிரிவுகளையும் சம்மதிக்க வைக்க எட்டு மாதம் ஆனது. கணக்குப் பிரிவில் மூத்த அக்கா ஒருவர் கடைசி வரை மறுத்தாராம். மறுபடி அனுப்பச் சொன்னால் எங்கே போவது என்று அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. மூலக் கோப்பு உள்ளே கணக்குப் பிரிவின் சொந்த இடத்தில் பத்திரமாக இருக்கும், வாசலில் இருப்பது பிரதிதான் என்பதை அவர் கண்முன்னால் மூன்று முறை செய்து காட்டிய பிறகே சம்மதம் கிடைத்தது. கணினி வேலை என்கிறோம், பாதி வேலை இப்படி ஆட்களிடம் உட்கார்ந்து பேசுவதுதான்.

மீதிப் பாதியில் சுவாரஸ்யமான நுணுக்கங்கள் இருக்கின்றன. ஒரு பெரிய கோப்பு ஏறிக்கொண்டிருக்கும்போதே மறுபக்க நிரல் வந்து எடுத்தால் என்ன ஆகும்? பாதிக் கோப்பு போகும். 300 பேரில் 170 பேருக்குச் சம்பளம். அதனால் கோப்பை முதலில் ஒரு தற்காலிகப் பெயரில் ஏற்றுவார்கள். முழுவதும் ஏறிய பிறகுதான் உண்மையான பெயரை வைப்பார்கள். மறுபக்கம் அந்தப் பெயரைக் கண்டால் மட்டுமே தொடும். கோப்பின் கடைசி வரியில் மொத்தம் எத்தனை பேர், மொத்தத் தொகை எவ்வளவு என்று இருக்கும். அது ஒத்துப்போகாவிட்டால் வங்கி ஏற்றுக்கொள்ளாது. மொய் எழுதும் பெரியவர் கடைசியில் கூட்டிப் பார்த்துக் கோடு போடுவாரே, அது மாதிரி.

ஒவ்வொரு கணக்குக்கும் ஓர் அறை. வங்கியின் நிரல் உள்ளே வந்தால் அதன் அறை மட்டும்தான் தெரியும், பக்கத்து அறை இருப்பதே தெரியாது. கடவுச்சொல்லுக்குப் பதில் சாவிச் சோடி வைத்திருக்கிறார்கள். ஒரு பாதி இவர்களிடம், மறுபாதி அவர்களிடம். சம்பளக் கோப்பு ஏறுவதற்கு முன்பே அதைத் தனியாக ஒருமுறை பூட்டியும் விடுகிறார்கள். சர்வரே கைமாறிப் போனாலும், பூட்டிய பெட்டிதான் திருடனுக்குக் கிடைக்கும், சாவி வங்கியிடம் இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது விரல்ரேகைக் கதை. ஒவ்வொரு எஸ்.எஃப்.டி.பி. சர்வருக்கும் தனியாக ஒரு ரேகை உண்டு. முதல்முறை இணையும்போது, “இந்த ரேகையை நம்பலாமா?” என்று உங்கள் கணினி கேட்கும். பிறகு ஒரு நாள் ரேகை மாறியிருந்தால் பெரிய எச்சரிக்கை போடும். நடுவில் வேறு யாரோ சர்வர் வேடத்தில் நிற்கலாம் என்று அர்த்தம். பெரும்பாலானவர்கள் என்ன செய்வார்கள்? படிக்காமல் “ஆம்” என்று தட்டிவிட்டுப் போவார்கள். பழைய இயந்திரத்திலிருந்து புதியதுக்கு மாறும்போது, தம்பி புது ரேகை உண்டாக்க விரும்பினார். அதற்காக நாற்பதுக்கும் மேற்பட்ட கூட்டாளி நிறுவனங்களுக்கு முன்கூட்டியே கடிதம் அனுப்பி, ரேகையைத் தொலைபேசியில் வாசித்துச் சரிபார்க்கச் சொன்னார். திரும்ப அழைத்துச் சரிபார்த்தவர்கள் ஆறு பேர். மற்றவர்கள்?

“ஒருத்தரும் கேக்கல அக்கா. நான் மாத்தினதே அவங்களுக்குத் தெரியாது.”

பிறகு, போனவர்களின் சாவிகள். ஓர் ஒப்பந்த நிறுவனத்தோடு வேலை முடிந்து மூன்று வருடம் ஆகியிருக்கும், அதன் கணக்கு மட்டும் திறந்தே இருக்கும். மாதம் ஒருமுறை 90 நாளாக யாரும் நுழையாத கணக்குகளின் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் யாராவது ஒரு மேலாளர் பெயர் போட்டுப் பொறுப்பேற்க வேண்டும் என்று கேட்கிறார். யாரும் பொறுப்பேற்காவிட்டால் பூட்டிவிடுகிறார். அலறல் வந்தால் திறந்துவிடுகிறார். அலறல் அநேகமாக வருவதில்லையாம்.

திருத்தங்கள் போடுவது தனி வேதனை. பூட்டு செய்தவர்களே தவறும் இடம் அது. உலகின் பெரும்பாலான எஸ்.எஃப்.டி.பி. சர்வர்களில் ஓடும் ஓபன்எஸ்எஸ்எச் நிரலில் 2006-இல் அடைத்த ஓர் ஓட்டை, 2020-இல் யாரும் அறியாமல் மறுபடி திறந்துகொண்டது. 2024 ஜூலையில்தான் அதை வெளியில் சொன்னார்கள். ஆகவே “நல்ல மென்பொருள் வாங்கிவிட்டோம், இனி கவலையில்லை” என்று சொல்லும் முதலாளியைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. அந்த முதலாளிதான் பராமரிப்புக்கு ஆள் கேட்டால் “அது தானாக ஓடுகிறதே” என்பவரும்.

விடுமுறைகளைக் கவனித்தீர்களா? அக்செல்லியன் கிறிஸ்துமஸ் சமயத்தில். மூவிட் நீண்ட வார இறுதியில். க்ளியோ என்ற இன்னொரு பரிமாற்ற மென்பொருள் தாக்கப்பட்டது 2024 டிசம்பரில். அலுவலகம் காலியாக இருக்கும் நேரம் பார்த்துத்தான் வருகிறார்கள். நம் நாட்டில் இதற்கு இயல்பாகவே ஒரு மருந்து இருக்கிறது. தம்பியின் குழுவில் மூன்று பேர். ஹரி ராயாவுக்கு இவரும் சீன நண்பரும் பார்த்துக்கொள்வார்கள். தீபாவளிக்கு மலாய் நண்பர் கைப்பேசியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குவார். சீனப் பெருநாளுக்கு மற்ற இருவர். இந்த ஏற்பாட்டை யாரும் கொள்கை என்று எழுதி வைக்கவில்லை. கோலாலம்பூரில் மருத்துவமனையிலிருந்து வானொலி நிலையம் வரை எல்லா இடத்திலும் இப்படித்தானே ஓடுகிறது. தீபாவளி அதிகாலை நேரலைக்கு நான் போகும்போது வாசலைத் திறந்துவிடுவது எப்போதும் ஒரு மலாய் அண்ணன்தான்.

சட்டமும் இப்போது கொஞ்சம் பல் முளைத்து நிற்கிறது. 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2024-இல் திருத்தப்பட்டது. 2025 ஜூன் 1 முதல், தகவல் கசிந்து பெரிய பாதிப்பு ஏற்படலாம் என்றால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குச் சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்டவர்களுக்கு அதற்குப் பிறகு ஏழு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். தகவலைச் சரியாகப் பாதுகாக்காததற்கான உச்ச அபராதம் 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சம் ஆகிவிட்டது. சம்பளக் கணக்கு பார்த்துத் தரும் வெளி நிறுவனங்களுக்கும் இப்போது நேரடிப் பொறுப்பு உண்டு. ஸெல்லிஸ் கதையை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு முக்கியம் என்று தெரியும். ஒரு குறை. மத்திய, மாநில அரசாங்கங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. நம்மைப் பற்றி அதிகம் தெரிந்துவைத்திருப்பவர்கள் அவர்கள்தான் என்பதால் எனக்கு அது உறுத்துகிறது.

72 மணி நேரத்தில் சொல்ல வேண்டுமென்றால், எது போனது என்று முதலில் தெரிய வேண்டும். யார் எப்போது வந்தார், எதைத் தொட்டார் என்ற பதிவேடு அதற்குத்தான். அதே சர்வரிலேயே பதிவேட்டை வைத்தால் உள்ளே வந்த திருடன் அதையும் அழித்துவிடுவான். எனவே வேறோர் இடத்துக்கு உடனுக்குடன் ஒரு பிரதி. அந்தப் பதிவேடு வளர்ந்து வளர்ந்து வட்டை நிரப்பி, சம்பள நாளன்று சர்வரையே நிறுத்திவிட்ட கதையும் தம்பியிடம் இருந்தது. அது அவர் வருவதற்கு முந்தைய காலத்தில் நடந்ததாம். கேட்ட எனக்கு வயிற்றைக் கலக்கியது, அவர் பாயசத்தை அமைதியாக அப்பளத்தோடு பிசைந்துகொண்டிருந்தார்.

இவ்வளவும் பெரிய நிறுவனத்தின் கதை. கிள்ளானில் தெங்கு கிளானா சாலையில் ஒரு ஜவுளிக்கடையோ, ஷா ஆலாமில் 15 பேர் வேலை செய்யும் ஒரு பட்டறையோ பரிமாற்ற சர்வர் வைத்துக்கொள்ளப் போவதில்லை. அங்கே கணக்குப்பிள்ளை, ஊழியர்கள் எல்லாரின் விவரங்களும் உள்ள எக்செல் கோப்பை முதலாளிக்குப் புலனத்தில் தட்டிவிடுகிறார். முதலாளி அதை வெளிக் கணக்காளருக்கு அனுப்புகிறார். புதிதாக வேலைக்குச் சேரும் பெண் அடையாள அட்டையின் இரண்டு பக்கத்தையும் படம் பிடித்து அனுப்புகிறாள். அந்தப் படம் இப்போது மூன்று கைப்பேசிகளில் இருக்கிறது. அதில் ஒன்றை அடுத்த வருடம் முதலாளி பழைய கைப்பேசிக் கடையில் மாற்றிக்கொள்வார். சிங்டெல்லில் தங்கிப்போன 28 பேரைப்போல இந்தப் பெண்ணும் எங்கேயோ தங்கிவிடுவாள்.

இதற்குப் பெரிய செலவில்லாமல் செய்யக்கூடியது உண்டு. கோப்புக்குக் கடவுச்சொல் போட்டு அனுப்பி, அந்தக் கடவுச்சொல்லை வேறு வழியில், நேரில் அல்லது அழைப்பில் சொல்லலாம். சேமநிதிக்கும் சொக்சோவுக்கும் அவற்றின் இணையத்தளத்திலேயே நேரடியாக ஏற்றலாம், நடுவில் நாலு பேருக்குப் பிரதி போக வேண்டியதில்லை. அடையாள அட்டைப் படத்தின் மேல் “இந்த நிறுவன வேலை விண்ணப்பத்துக்கு மட்டும்” என்று தேதியோடு குறுக்கே எழுதி அனுப்பும் பழக்கம் நம் வங்கிகளில் நெடுநாளாக உண்டு. அதை நம் பிள்ளைகளும் முதல் வேலைக்குப் போகும்போதே பழகிக்கொள்ளட்டும். மோசடியில் பணம் போய்விட்டால் 997-ஐ உடனே அழைக்க வேண்டும். போன பணம் கைமாறுவதற்குள் தடுக்கிற வாய்ப்பு முதல் சில மணி நேரத்தில்தான்.

பெரிய இடத்தில் வேலை செய்பவர்கள் மனிதவளப் பிரிவில் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். நான் போன வருடம் வேலையை விட்டிருந்தால், என் சம்பள விவரம் இன்று எந்தெந்தக் கணினியில் இருக்கும்? நான் என் தோழிகள் நாலு பேரிடம் இதைக் கேட்கச் சொன்னேன். இருவருக்கு இன்னும் பதில் வரவில்லை. ஒருத்திக்கு, “ஏன் கேட்கிறீர்கள், ராஜினாமா செய்யப்போகிறீர்களா?” என்று பதில் வந்தது. நாலாவது தோழியின் அலுவலகத்தில் மட்டும் கணினிப் பிரிவிலிருந்து ஒருவர் இரண்டு நாள் கழித்து நேரில் வந்து, ஒரு தாளில் மூன்று இடங்களை எழுதிக் காட்டியிருக்கிறார். மூன்றாவது இடத்தின் பக்கத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு இருந்ததாம்: “இது இங்கே இருக்கக்கூடாது. வெள்ளிக்கிழமைக்குள் எடுத்துவிடுகிறேன்.”